மீன் லோடு வண்டியில வாட்டர்ப்ரூஃப் கப்ளர் போட்டு அஞ்சாறு வருஷம் ஓட்டின அனுபவம்

தூத்துக்குடி பக்கம் வண்டி வச்சிருக்கவங்களுக்கு வயரிங் தொல்லைய பத்தி தனியா சொல்ல வேண்டியதில்ல. உப்பளக் காத்து ஒரு பக்கம், கடல் காத்து ஒரு பக்கம், அதுக்கு மேல நம்ம ஏத்துறது மீனு. தருவைகுளத்துல லோடு ஏத்திட்டு திருநெல்வேலி, நாகர்கோவில் தாண்டி கேரளா போய் சேர்றதுக்குள்ள ஐஸ் உருகி உப்புத் தண்ணியா பாடி இடுக்கு வழியா சேஸிஸ் மேல ஒழுகிக்கிட்டே இருக்கும், அது சொட்டுற இடத்துலதான் டெயில் லைட் கப்ளர், அதாவது வயரையும் வயரையும் சொருகிச் சேக்குற பிளாஸ்டிக் கூடு, இருக்கும். அதனால அடியில இருந்த சாதா கப்ளரை எல்லாம் தூக்கிட்டு ரப்பர் சீல் உள்ள கப்ளரா மாத்தினேன். முன்னாடி ஹெட்லைட், ஹாரன் பக்கம் சூப்பர்சீல் டைப், பின்னாடி டெயில் லைட்டுக்கு டாய்ட்ச் டிடி டைப். அஞ்சாறு வருஷம் ஓடிருச்சு, ரெண்டையும் இப்ப தைரியமா பேசலாம்.

முடிவ மொதல்லயே சொல்லிடுறேன், ரெண்டுமே நல்ல பொருள். ஆனா அது உழைக்கிறது வயர் நுனியில பின்னை (கப்ளருக்குள்ள போற உலோக முனை) எப்படி அமுக்குறோம், வயர் கனத்துக்கு ஏத்த சீல் போடுறோமா, இந்த ரெண்டுலதான் இருக்கு. பிளாஸ்டிக் கூட்டுக்கு காசு செலவு பண்ணிட்டு பின்னை கட்டிங் பிளேயர்ல கடிச்சு விட்டா அது சாதா கப்ளரை விட மோசமாத்தான் போகும், ஏன்னா உள்ள என்ன நடக்குதுன்னு வெளிய இருந்து தெரியவே தெரியாது.

பழைய கப்ளர்ல என்ன ஆகும்னு முதல்ல சொல்றேன், அப்பதான் எதுக்கு இவ்வளவு பாடுன்னு புரியும். பிரேக் மிதிச்சா இண்டிகேட்டர் லேசா மின்னும், இண்டிகேட்டர் போட்டா பார்க் லைட் மங்கி மங்கி எரியும். நிறைய பேர் இத பாத்துட்டு ஷார்ட் ஆயிருச்சுன்னு வயரிங் செட்டையே பிரிச்சிடுறாங்க. பாதி நேரம் கோளாறு எர்த் பின்னுலதான். ஒரு பக்க டெயில் லைட்ல இருக்க எல்லா பல்புக்கும் திரும்பி வர்ற கரெண்ட் ஒரே எர்த் பின் வழியாத்தான் போவும், அதுல பச்சைக் களிம்பு ஏறிட்டா கரெண்ட்டுக்கு போக வழியில்லாம பக்கத்து பல்பு ஃபிலமெண்ட் வழியா சுத்திப் போவ பாக்கும். 21 வாட் பிரேக் பல்புக்கு ரெண்டு ஆம்பியர் கூட வராது, அதுவே இந்த ஆட்டம் ஆடுதுன்னா ஹெட்லைட்ட யோசிச்சுக்கோங்க.

ஹெட்லைட் கதை தனி. எச்4 ஹாலஜன் பல்பு 60 வாட், 12 வோல்ட்ல கணக்கு போட்டா 5 ஆம்பியர், ரெண்டு பல்புக்கு 10. அந்த 10 ஆம்பியர் போற கப்ளர்ல 0.1 ஓம் ரெசிஸ்டன்ஸ் வந்துருச்சுன்னா 1 வோல்ட் அங்கயே செத்துரும், 10 வாட் சூடா மாறும், அந்த குட்டி பிளாஸ்டிக்குள்ள 10 வாட் சூடுன்னா மஞ்சளாகி, பழுப்பாகி, கடைசியில உருகி பின்னோட ஒட்டிக்கும். ஹாலஜன்ல வோல்டேஜ் 10 சதவீதம் குறைஞ்சா வெளிச்சம் கிட்டத்தட்ட 30 சதவீதம் குறையும். லைட் மங்கலா இருக்குன்னு 100 வாட் பல்பு வாங்கிப் போடுறவங்க அந்த கப்ளரை இன்னும் சீக்கிரம் எரிக்கிறாங்க, தயவு செஞ்சு அத செய்யாதீங்க, ராத்திரி ரோட்டுல போறது நம்ம உயிரு மட்டும் இல்ல.

இப்ப கிரிம்பிங், அதாவது பின்னை வயர்ல அமுக்கிப் பிடிக்க வைக்கிற வேலை. இதுலதான் எனக்கு சொல்ல நிறைய இருக்கு. சூப்பர்சீல் பின்னுல ரெண்டு ஜோடி றெக்கை இருக்கும், முன்னாடி ஜோடி செம்புக் கம்பிய பிடிக்க, பின்னாடி ஜோடி ரப்பர் சீலோட சேத்து வயர் தோலைப் பிடிக்க. சீலை முதல்லயே வயர்ல கோத்துட்டு அப்புறம்தான் தோலை உரிக்கணும், அதுவும் அஞ்சு மில்லி அளவுக்குத்தான், உரிக்கும்போது ஒரு இழை கூட அறுபடக் கூடாது. அமுக்கினதுக்கு அப்புறம் பின்னை வெளிச்சத்துல வச்சு பாருங்க: முன் றெக்கைக்கு முன்னாடி கம்பி நுனி ஒரு மில்லிக்குள்ள பிரஷ் மாதிரி எட்டிப் பாக்கணும், ரெண்டு றெக்கைக்கும் நடுவுல உள்ள இடைவெளியில கம்பியும் தெரியணும் தோலும் தெரியணும். தோல் முன் றெக்கைக்குள்ள மாட்டிருந்தா அந்தப் பின்னை வெட்டிப் போட்டுட்டு வேற போடுங்க. கடைசியா ஒரு இழு இழுத்துப் பாருங்க, வயர் உருவிட்டு வந்தா இப்பவே வந்துரட்டும்.

கைப்பிடிய முழுசா அமுக்கினாத்தான் வாய் திறக்குற ராட்செட் டைப் கிரிம்பிங் டூல் வாங்குங்க, ரெண்டாயிரம் ரூபா பக்கம் ஆகும். சீல் வச்ச பின்னுக்குன்னு தனி தாடை வரும், அதையும் சேத்து வாங்கணும், சாதா தாடையில அமுக்குனா ரப்பர் நசுங்கி கிழிஞ்சிரும். டாய்ட்ச்ல இன்னொரு குழப்பம் இருக்கு, அதுல உருண்டையா கடைஞ்ச பின்னும் வருது, தகடு மடிச்ச பின்னும் வருது. உருண்டைப் பின்னுக்கு நாலு பக்கமும் குத்துற வேற டூல் வேணும். டூல் இல்லாதவங்க தகட்டுப் பின்னே வாங்கிக்கிறது நல்லது.

எங்க ஏரியா எலக்ட்ரீஷியன் தம்பி ஒருத்தர், நல்ல வேலைக்காரர், "அண்ணாச்சி, எதுக்கு இவ்வளவு சிரமம், ஈயம் வச்சு டேப்பு சுத்திடுவோம், ஆயுசுக்கும் வரும்"னு சொன்னாரு. வீட்டு வயரிங்குக்கு அது சரியா இருக்கலாம், வண்டியில ஈயம் கம்பி இழைக்குள்ள ஏறி அந்த இடம் விறைச்சுப் போவும், அதிர்வுல ஈயம் முடியுற ஓரத்துல இழை இழையா அறுந்துக்கிட்டே வரும். டேப்பு பசையும் நம்ம வெயிலுக்கு ஒரு கோடை தாங்குனா பெருசு. ஒட்டு போட்டே ஆகணும்னா ரெண்டு வயர் நுனியையும் உள்ள விட்டு அமுக்குற குழாய் லக் வச்சு கிரிம்ப் பண்ணி உள்ள பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போடுங்க.

நல்லா சோதனை நடந்தது 2023 டிசம்பர் 17, 18 மழையில. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் கொட்டுன மழை அது. எங்க தெருவுல தண்ணி நாள் கணக்கா நின்னுச்சு, வண்டி பின் கப்ளர் வரைக்கும் முங்கிக் கிடந்துச்சு. ஐபி67ன்னு பெட்டியில போட்டிருந்தா ஒரு மீட்டர் தண்ணியில அரை மணி நேரம் தாங்கும்னுதான் அர்த்தம், அதனால எனக்கு பெரிய நம்பிக்கை எல்லாம் இல்ல. தண்ணி வடிஞ்சு எல்லாத்தையும் பிரிச்சுப் பாத்தா டெயில் லைட் டாய்ட்ச் ரெண்டும் உள்ள காய்ஞ்சு கெடக்கு, பின்னு பளபளன்னு இருக்கு. ஆனா ஒரு கடையில ரிவர்ஸ் ஹாரனுக்குன்னு போட்டுக் குடுத்த அதே டைப் கப்ளர் முழுக்க சேறு. ஏன்னு பாத்தா நாலு ஓட்டை கப்ளர்ல ரெண்டு வயர்தான், மிச்சம் ரெண்டு ஓட்டைய அப்படியே விட்டிருக்காங்க. காலி ஓட்டைக்குன்னு தனி பிளாஸ்டிக் பிளக் இருக்கு, சில்லறை காசுதான், அது இல்லன்னா வாட்டர்ப்ரூஃப்னு சொல்றதுக்கே அர்த்தம் இல்ல. இன்னொன்னு, டாய்ட்ச் டிடி பின்பக்க ரப்பர் கிட்டத்தட்ட 2.2 மில்லியில இருந்து 3.7 மில்லி வரைக்கும் தடிமன் உள்ள வயரைத்தான் இறுக்கிப் பிடிக்கும். அர ஸ்கொயர் (செம்பு அரை சதுர மில்லி) மெல்லிசு வயரை அதுல விட்டா சுத்தி இடைவெளி இருக்கும், தண்ணி அது வழியா வரும்.

தண்ணி உள்ள வர இன்னொரு வழி இருக்கு, அத யாரும் கவனிக்கிறதே இல்ல. ஓடி வந்த வண்டி சூடா இருக்கும்போதே சர்வீஸ் ஸ்டேஷன்ல பிரஷர் தண்ணி அடிப்பாங்க. கப்ளருக்குள்ள இருக்க சூடான காத்து சட்டுனு ஆறி சுருங்கும், சுருங்கும்போது வெளிய இருக்கிற தண்ணிய உள்ள இழுக்கும். அதே மாதிரி டெஸ்ட் லாம்ப் ஊசிய வயர் தோல்ல குத்திப் பாக்குற பழக்கம், அந்த ஓட்டை வழியா இழைகளுக்கு நடுவுல தண்ணி ஏறி ஒரு முழம் தள்ளி உள்ள கப்ளருக்கே போய்ச் சேரும், சீல் என்ன நல்லா இருந்தாலும் பிரயோஜனம் இல்ல. நான் வண்டிய நிழல்ல ஆற விட்டுத்தான் கழுவச் சொல்றேன், கப்ளர் பக்கம் நேரா பிரஷர் தண்ணி அடிக்க விடுறதில்ல.

பராமரிப்புன்னா ஐப்பசி மழைக்கு முன்னாடி ஒரு தடவை உக்காந்து பாக்குறதுதான். பேட்டரி மைனஸ மொதல்ல கழட்டிட்டு ஒவ்வொரு கப்ளரா பிரிச்சு கான்டாக்ட் கிளீனர் அடிச்சு காய விட்டு, கப்ளரோட ரெண்டு பாதியும் சேர்ற இடத்துல உள்ள ரப்பர் சீல் மேல தடவின மாதிரி டைஎலக்ட்ரிக் கிரீஸ் கொஞ்சம். இந்த கிரீஸ் கரெண்ட்ட கடத்தாது, தண்ணிய தடுக்கத்தான், அதனால பின்னு வாய் நிறைய திணிக்காதீங்க. சேஸிஸ் கிரீஸ், வாசலின் எல்லாம் கப்ளருக்குள்ள வேண்டவே வேண்டாம், பெட்ரோலியம் கிரீஸ் பட்டா சீல் ரப்பர் ஊதி வடிவம் மாறிடும். வாசலின் பேட்டரி டெர்மினல் மேலயும், பெயிண்ட சுரண்டி இறுக்கின எர்த் போல்ட் மேலயும் பூசலாம். களிம்பு ஏறி ஓட்டையான பின்ன உப்புத்தாள் போட்டு தேய்ச்சு திரும்ப போடாதீங்க, மேல உள்ள பூச்சு போய் அடுத்த மழைக்குள்ள இன்னும் மோசமாகும். சூடாகி வாய் அகண்டு போன ஃபீமேல் பின்னும் (எதிர்ப் பின்னை உள்ள வாங்கிக்கிறது) அப்படித்தான், அத மாத்துறதுதான் ஒரே வழி.

செக் பண்ணும்போது பீப் சத்தத்த நம்பாதீங்க. மல்டிமீட்டர்ல கன்டினியூட்டி (வயர் தொடர்பு இருந்தா பீப் அடிக்கிற செட்டிங்) வச்சா அது அனுப்புறது சில மில்லி ஆம்பியர், பத்து இழையில ஒம்பது அறுந்து ஒண்ணு ஒட்டிட்டு இருந்தாலும் பீப் அடிக்கும். லைட்ட ஆன் பண்ணிட்டு, மீட்டர டிசி 2 வோல்ட்ல வச்சு, கப்ளருக்கு இந்தப் பக்க பின்னுல ஒரு முனை, அந்தப் பக்க பின்னுல ஒரு முனை. 0.1 வோல்ட்டுக்கு மேல காட்டுனா அந்த கப்ளரை பிரிச்சுப் பாக்கணும். என் வண்டியில டெயில் லைட் டாய்ட்ச் இன்னைக்கும் அதுக்கு ரொம்ப கீழதான் நிக்குது, ஹெட்லைட் பக்கம் சூப்பர்சீல் ஒண்ணு மட்டும் மெல்ல ஏறிட்டு வருது, அத இந்த மழைக்கு முன்னாடி பின் மாத்தணும்.

எத வாங்கலாம்னு கேட்டா, டாய்ட்ச் டிடி ஒரு பின்னுக்கு 13 ஆம்பியர், சூப்பர்சீல் 14 வரைக்கும் சொல்றாங்க, ஆனா நான் எதுலயும் பத்துக்கு மேல ஓட விட மாட்டேன். சேஸிஸ்க்கு அடியில, தண்ணி விழுற இடத்துல டாய்ட்ச், பின்னைப் பூட்டுற ஆரஞ்சு வெட்ஜ் (பிளாஸ்டிக் ஆப்பு) உள்ள தள்ளி லாக் ஆனா அதிர்வுல பின்னு பின்னால வராது, திரும்ப கழட்டி மாத்தவும் லேசு. இடம் குறைவா உள்ள முன்பக்கத்துக்கு சூப்பர்சீல் போதும். ஒரிஜினல்னு சொல்லி விக்கிறதுல நிறைய டூப்ளிகேட் இருக்கு, வாங்கும்போது கையில ஒரு சின்ன காந்தம் கொண்டு போங்க, பின்னு பட்டுனு ஒட்டிக்கிச்சுன்னா உள்ள இரும்பு, அது நம்ம ஊரு காத்துக்கு ஒரு மழைக்காலம் தாங்காது.