தொண்டைக் கரகரப்புக்கு பிபா காவோ

இரண்டு வாரமாக வறட்டு இருமல். படுத்தால் போதும், தொண்டையில் அரிப்பு தொடங்கிவிடும். அப்போதுதான் இந்த சீன மூலிகைப் பாகை வாங்கினேன்.

'பிபா' என்றால் லோக்வாட் என்ற பழமரம். பழம் இல்லை, அதன் இலைதான் இதில் சேர்கிறது. கூடவே பெய்மு என்ற கிழங்கு, இஞ்சி, அதிமதுரம், புதினாச் சத்து, நிறைய தேன். லேகியத்துக்கும் தேனுக்கும் இடைப்பட்ட பதம். ஒரு கரண்டி மெதுவாக விழுங்கினால் முதலில் இனிப்பு, அப்புறம் தொண்டை முழுக்க ஜில்லென்று ஒரு குளிர்ச்சி. முதல் இரவே இடையில் எழாமல் தூங்கினேன். இருமல் அடியோடு போய்விடவில்லை, அரிப்பு அடங்கியது. எனக்கு அதுவே பெரிய நிம்மதி.

குறை என்றால் சர்க்கரைதான். நீரிழிவு உள்ளவர்கள் தள்ளியே இருங்கள். அதிமதுரம் அதிகமானால் ரத்த அழுத்தம் ஏறும், ஆகவே நாள்கணக்கில் குடிக்க வேண்டாம். தேன் இருப்பதால் ஒரு வயது ஆகாத குழந்தைக்கு ஒரு சொட்டுகூடக் கூடாது. இதை அட்டையில் பொடி எழுத்தில் போட்டிருப்பது எனக்குக் கோபம்தான். சளியில் ரத்தமோ மூச்சுத்திணறலோ இருந்தால் பாகைத் தேடாதீர்கள், நேராக மருத்துவரிடம் போங்கள்.

அடுத்த பாட்டில் வாங்கி வைத்துவிட்டேன்.