சிலிக்கா துணின்னு நம்பி 18,600 ரூபாய் போச்சு. வெல்டிங் பட்டறை வச்சிருக்கவங்க படிங்க

ஆத்திரம் இன்னும் அடங்கல. வெல்டிங், கட்டிங் பண்றப்போ விழுற நெருப்பு கீழ இருக்கிறதைச் சுடாம இருக்க விரிக்கிற துணி இது. மொத்த வியாபாரிகளைக் கோர்த்துவிடுற ஒரு ஆன்லைன் தளத்துல வாங்கினது. ‘ஹை சிலிக்கா துணி, 1000 டிகிரி தாங்கும், 1200 ஜிஎஸ்எம்’னு (சதுர மீட்டருக்கு 1200 கிராம் எடை) விற்கிறவன் போட்டிருந்தான். 1 மீட்டர் அகலம், 25 மீட்டர் ரோல். முழுப் பணமும் முன்னாடியே: 18,600 ரூபாய்.

நம்ப வச்சது அவன் அனுப்பின வீடியோதான். துணியைத் தொங்கவிட்டு கேஸ் டார்ச் தீயைக் காட்டுறான். சிவக்குது, ஓட்டை விழல. இப்போ திரும்பப் பார்த்தா, தீயை ஒரே இடத்துல நிறுத்தவே இல்ல, ஆட்டிக்கிட்டே இருக்கான். தொங்குற துணியில பொறி வழிஞ்சு கீழ போயிடும். விரிச்ச துணியிலதான் கட்டிங் கசடு (வெட்டுறப்போ உருகி விழுற இரும்பு) தேங்கி நிக்கும். அதைக் காட்டவே இல்ல.

12 எம்எம் பிளேட்டை கேஸ் கட்டிங் பண்றப்போ கேபிள் மேல விரிச்சிருந்துச்சு. கசடு விழுந்த இடம் சுருங்கி ஓட்டை. அடியில கேபிள் தோல் கருகிடுச்சு. அப்புறம் ஓரத்துல ஒரு துண்டு வெட்டி டார்ச்சை ஒரே இடத்துல பிடிச்சதும், நூல் நுனியெல்லாம் கடுகு கடுகா கண்ணாடி மணி கட்டுச்சு. சிலிக்கா இப்படிச் சீக்கிரம் உருகாது. இது சாதா கண்ணாடி இழைத் துணி. சுமார் 550 டிகிரிக்கு மேல தொடர்ந்து தாங்காது, 850 கிட்ட இளகிடும். எடையும் பொய். 25 சதுர மீட்டருக்கு 30 கிலோ வரணும், அட்டைக் குழலோட 21 கிலோதான்.

கேட்டா, “ஓவர் ஹீட் பண்ணிட்டீங்க சார்.” கட்டிங் கசடு தாங்கத்தானே இந்தத் துணியே! அடுத்த நாள், “வெட்டின ரோலுக்கு ரிட்டர்ன் இல்ல.” அவன் கொடுத்த சர்டிஃபிகேட்ல பேட்ச் நம்பர் எங்கேன்னு கேட்டதும் போன் எடுக்கறதை நிறுத்திட்டான். தளத்துக்காரங்க, “நாங்க இணைச்சு விடுறது மட்டும்தான்”னு கைகழுவிட்டாங்க. 18,600 ரூபாய்க்கு யாரும் பதில் சொல்லல.

வாங்குறதுக்கு முன்னாடி ஒரு சாண் துண்டு சாம்பிள் கேளுங்க. தட்டையா வச்சு, தீயை ஆட்டாம ஒரு நிமிஷம் பிடிங்க. ரோல் வந்ததும் எடை போடுங்க, போடுற வரைக்கும் கத்திரியை வைக்காதீங்க. பில்லுல ‘ஃபயர் ப்ரூஃப்’னு மட்டும் எழுதினா விடாதீங்க, சிலிக்கா எத்தனை சதவீதம், எத்தனை ஜிஎஸ்எம்னு எழுதி வாங்குங்க. விலை குறைவுன்னு பழைய ஆஸ்பெஸ்டாஸ் துணி பக்கம் மட்டும் போயிடாதீங்க, அந்தத் தூசி நுரையீரலைத் தின்னுடும். முழுப் பணத்தை முன்னாடியே போடாதீங்க. 18,600 ரூபாய்ங்க!