கன்வெர்ட்டரா, கிராப்பா, பெரிய லென்ஸா?

எதிர்க்கரையில் மீன்கொத்தி. கையில் 500 மி.மீ. எஃப் 5.6 ஜூம். படத்தில் பறவை சுண்டுவிரல் நகம் அளவுக்குத்தான் விழுகிறது. அப்போது நான்கு வழிகள் இருக்கின்றன: வீட்டுக்குப் போய் கிராப் செய்வது (பறவையை மட்டும் வெட்டியெடுப்பது), 1.4 எக்ஸ் டெலிகன்வெர்ட்டர் (கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவே மாட்டி, பிம்பத்தை 1.4 மடங்கு பெரிதாக்கும் குட்டி லென்ஸ்), 2 எக்ஸ் டெலிகன்வெர்ட்டர், கடன் வாங்கியாவது பெரிய லென்ஸ். ஐந்தாவதாக, இன்னும் கிட்டே போகலாம். கூடு கட்டும் பருவத்தில் அதை மட்டும் செய்யாதீர்கள்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. குவியத்தூரத்தை எஃப் எண்ணால் வகுத்தால் லென்ஸின் வாய் எவ்வளவு அகலம் என்று தெரியும். 500-ஐ 5.6-ஆல் வகுத்தால் 89 மி.மீ. 1.4 எக்ஸ் மாட்டினால் 700 மி.மீ., எஃப் 8 ஆகிறது. வகுத்துப் பாருங்கள், சுமார் 88. வாய் அப்படியேதான் இருக்கிறது. பறவையிடமிருந்து உள்ளே வரும் வெளிச்சம் ஒரு சொட்டுகூடக் கூடவில்லை, அதே ஒரு கரண்டி மாவைக் கல்லில் இன்னும் அகலமாக இழுக்கிறோம். ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்கு ஏற்ப நாம் கூட்டும் உணர்திறன் அளவு) இரண்டு மடங்காகிறதே என்று பயப்படுகிறவர்களுக்கும் இதுவே பதில். ஷட்டர் வேகம் ஒன்றாக இருந்து, கிராப் செய்த பறவையையும் கன்வெர்ட்டரில் எடுத்த பறவையையும் ஒரே அளவில் வைத்துப் பார்த்தால், நாய்ஸ், அதாவது படத்தில் தெரியும் பொரிப்பொரியான புள்ளிகள், ஏறக்குறைய ஒன்றுதான்.

அப்புறம் எதற்குக் கன்வெர்ட்டர்? பிக்சலுக்காக. 21 மெகாபிக்சல் படத்தை 1.4 மடங்கு கிராப் செய்தால் 10 சொச்சம்தான் மிஞ்சும். 2 மடங்கு என்றால் வெறும் 5. கன்வெர்ட்டர் போட்டால் 21-ம் நம்முடையது. ஆனால் அத்தனை பிக்சலையும் நிரப்பும் அளவுக்கு லென்ஸிடம் கூர்மை கையிருப்பு வேண்டும். லென்ஸின் குறைகளையும் சேர்த்துத்தான் கன்வெர்ட்டர் பெரிதாக்குகிறது, தன் பங்குக்கும் கொஞ்சம் மங்கல் போடுகிறது. 300 எஃப் 2.8, 600 எஃப் 4 மாதிரி பிரைம் (ஜூம் ஆகாத, ஒரே குவியத்தூரம் உள்ள) லென்ஸ்களுக்குக் கையிருப்பு ஏராளம். எஃப் 6.3 ஜூமின் நீண்ட முனையில் பெரும்பாலும் மிச்சம் ஒன்றும் இருக்காது.

உங்கள் லென்ஸ் எந்த ரகம் என்று அறிய டெஸ்ட் சார்ட் எல்லாம் வாங்க வேண்டாம். தினசரி காலண்டர் தாள் ஒன்றை 30 மீட்டர் தள்ளி ஒரு சுவரில் ஒட்டுங்கள். ட்ரைபாடில் வைத்து, கன்வெர்ட்டர் இல்லாமல் ஒன்று, போட்டு ஒன்று எடுங்கள். இல்லாமல் எடுத்ததை கம்ப்யூட்டரில் அதே அளவுக்குப் பெரிதாக்கி, ராகு காலம், எமகண்டம் அச்சடித்த பொடி எழுத்தைப் படித்துப் பாருங்கள். கன்வெர்ட்டர் படத்தில் கூடுதலாக ஓர் எழுத்து படிக்க முடிந்தால் அதை வைத்துக்கொள்ளலாம். என் பழைய ஜூமில் இரண்டும் ஒரே லட்சணம்தான். நண்பரின் 300 எஃப் 4 பிரைமில் 1.4 எக்ஸ் தெளிவாக ஜெயித்தது.

கூர்மையைவிட எனக்குப் பெரிய தலைவலி ஃபோகஸ். டிஎஸ்எல்ஆரின் (உள்ளே கண்ணாடி வைத்த கேமராவின்) ஃபோகஸ் சென்சார்கள் லென்ஸ் வாயின் எதிரெதிர் ஓரங்களிலிருந்து வரும் ஒளியை ஒப்பிட்டு வேலை செய்பவை. பெரும்பாலானவை எஃப் 5.6 அளவுக்கு விரிந்து வரும் ஒளிக்கூம்புக்கென்று அமைந்தவை. வாய் மாறாவிட்டாலும் எஃப் 8 ஆனதும் அந்தக் கூம்பு குறுகி, பல ஃபோகஸ் புள்ளிகள் குருடாகிவிடும். நிக்கான் டி500-ல் 153 புள்ளிகள் உண்டு, எஃப் 8-ல் வேலை செய்வது 15, நாமாகத் தேர்ந்தெடுக்கக்கூடியது 9. எஃப் 5.6 லென்ஸில் 2 எக்ஸ் மாட்டினால் எஃப் 11, டிஎஸ்எல்ஆரில் ஆட்டோஃபோகஸை மறந்துவிடலாம். வேகமும் குறையும். கேனானின் இஎஃப் எக்ஸ்டெண்டர்களில் (கன்வெர்ட்டருக்கு அவர்கள் வைத்த பெயர்) துல்லியத்துக்காக வேண்டுமென்றே வேகத்தைக் குறைத்திருக்கிறார்கள்: 1.4 எக்ஸில் பாதி, 2 எக்ஸில் முக்கால் பங்கு போய்விடும். கிளையில் உட்கார்ந்திருக்கும் கொக்குக்கு இது பரவாயில்லை. பாய்ந்து திரும்பும் பஞ்சுருட்டானுக்கும் ஆலாவுக்கும் நான் கன்வெர்ட்டரைக் கழற்றிவிடுவேன், கிராப்தான்.

கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமரா வந்த பிறகு நிலைமை மாறியது. ஃபோகஸ் பார்ப்பது படச் சென்சாரே என்பதால் எஃப் 11-லும் பிடிக்கும். லென்ஸையும் கன்வெர்ட்டரையும் சேர்த்துத் தனியாக மைக்ரோ அட்ஜஸ்ட்மென்ட் (ஃபோகஸ் கொஞ்சம் முன்பின் விழுவதைத் திருத்துவது) செய்யும் தொல்லையும் இல்லை. ஆனால் விடியற்காலை மங்கலில் லென்ஸ் முன்னும் பின்னும் அலைவதை அதுவும் தவிர்க்க முடியாது. இன்னொன்று, வாங்கும் முன் பொருந்துமா என்று பாருங்கள். கேனான் ஆர்எஃப் 100-500-ல் எக்ஸ்டெண்டர் மாட்டினால் 300-க்குக் கீழே ஜூம் இறங்காது.

2 எக்ஸ் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. எஃப் 2.8 பிரைம் வைத்திருப்பவர்களுக்கு நல்ல கருவி: 300 மி.மீ. 600 எஃப் 5.6 ஆகிறது. மற்றவர்கள் தொட வேண்டாம்.

பெரிய லென்ஸுக்கும் அதே கணக்குத்தான். 600 எஃப் 4-இன் வாய் 150 மி.மீ.; நம் 89-ஐவிடக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு வெளிச்சம் அள்ளும். அதற்குத்தான் ஒரு கார் விலை. ஆனால் 600 எஃப் 6.3 ஜூமுக்கு மாறினால் வாய் 95 மி.மீ., பெயருக்குத்தான் கூடுதல். கேனானின் 800 எஃப் 11-க்கு 73 மி.மீ., அதாவது 300 எஃப் 4-ஐவிடக் கொஞ்சம் குறைவே. எடையும் விலையும் குறைவு என்பது அதன் நியாயம், வெளிச்சம் அல்ல.

பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் மாதிரி வெட்டவெளியில் காலை பத்து மணி தாண்டினால் மேற்சொன்ன எதுவும் செல்லாது. தரையிலிருந்து கிளம்பும் கானலில் தூரத்துப் பூநாரை நெளியும், கன்வெர்ட்டர் அந்த நெளிவைப் பெரிதாக்கிக் கொடுக்கும். அந்த நேரத்தில் அதைப் பையில் போட்டுவிட்டு, கரையோரம் பக்கத்தில் மேயும் உள்ளான்களைத் தேடிப் போகிறேன்.