வெயில்ல வர்ற சல்பேட்டா, மேகத்துல வர்ற சல்பேட்டா?

டெல்லி மயூர் விஹார்ல மே மாசம் மொட்டை மாடியில வத்தல் காயப் போடும்போது பாருங்க, தூரத்து பில்டிங் எல்லாம் பால் கலந்த மாதிரி வெளுத்துத் தெரியும். முழுக்க புழுதின்னு நினைக்கறோம், ஆனா அதுல சல்பேட்டும் (கந்தகத்துலேர்ந்து உருவாகற நுண்துகள்) இருக்கு, நிலக்கரி எரியும்போது வர்ற சல்ஃபர் டை ஆக்சைடுதான் மூலம், அது சல்பேட் ஆக முக்கியமா ரெண்டு வழி.

ஒண்ணு வெயில். சூரிய ஒளியில உருவாகற ஹைட்ராக்சில்ங்கற, சட்டுனு வினைபுரியற பொருள் அந்த வாயுவைப் பிடிச்சு கந்தக அமிலமாக்கும், வயல் உரம், மாட்டுச் சாணத்துலேர்ந்து வர்ற அம்மோனியா சேர்ந்தா அம்மோனியம் சல்பேட். மெதுவாத்தான் நடக்கும், பல நாள் ஆகும், அதுக்குள்ள காத்து நூத்துக்கணக்கான கிலோமீட்டர் தள்ளிட்டுப் போயிடும்.

இன்னொண்ணு மேகத் துளி. வாயு தண்ணில கரைஞ்சு, ஹைட்ரஜன் பெராக்சைடும் போதுமான அளவு இருந்தா ஒரு மணி நேரத்துக்குள்ளயே முடிஞ்சிடும். மழை பெஞ்சா கழுவிட்டுப் போகும், பெய்யாம துளி காஞ்சா சல்பேட் காத்துலயே நின்னுடும்.

என்னைக் கேட்டா ஈரந்தான் மோசம், ஏன்னா ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டினா துகள் தண்ணி குடிச்சு ஊதி, ஒளியை இன்னும் சிதறடிக்கும். 2020 ஏப்ரல்லேர்ந்து நாடு முழுக்க பிஎஸ்-6 (வண்டிப் புகைக்கான இந்திய விதி) பெட்ரோல் டீசல்ல சல்ஃபர் அதிகபட்சம் 10 பிபிஎம்தான் (பத்து லட்சத்துல 10 பங்கு), ரொம்ப நல்ல விஷயம், ஆனா அனல் மின் நிலையப் புகையில சல்ஃபரைப் பிடிக்கலன்னா ரெண்டு வழியும் திறந்தேதான் இருக்கும்.