எண் வரிசைச் சோதனையா, கோர்சி பலகையா: சைகை மொழியாளருக்கு எது சரிப்படும்?

நினைவாற்றலை அளக்க எல்லோரும் முதலில் எடுப்பது எண் வரிசைச் சோதனையைத்தான். செலவில்லை, ஐந்து நிமிட வேலை. நொடிக்கு ஓர் இலக்கமாகச் சொல்லி, அதே வரிசையில் திருப்பிச் சொல்லச் சொல்வார்கள். காது கேட்பவர்கள் ஏழு வரை தாக்குப்பிடிப்பார்கள். காது கேளாத சைகை மொழியாளருக்குச் சைகையில் நடத்தினால் ஐந்தையொட்டி நின்றுவிடும். உடனே ‘நினைவாற்றல் குறைவு’ என்று அறிக்கையில் ஏறிவிடுகிறது. அந்த முடிவு செல்லாது. பவேலியர் குழுவினரின் 2004 ஆய்வில், காது நன்றாகக் கேட்கிற இருமொழிக்காரர்களுக்கும் ஆங்கிலத்தில் ஏழு, அமெரிக்கச் சைகை மொழியில் ஐந்து என்றுதான் வந்தது. ஒரே ஆளுக்கு இரண்டு நினைவாற்றலா இருக்கும்?

இலக்கங்களே ஒரு வில்லங்கம். அமெரிக்கச் சைகையில் கட்டைவிரல் சுண்டுவிரலைத் தொட்டால் 6, மோதிரவிரலைத் தொட்டால் 7, நடுவிரலைத் தொட்டால் 8, ஆள்காட்டி விரலைத் தொட்டால் 9. கை ஒரே இடத்தில்தான் நிற்கும். ல, ள, ழ மூன்றையும் மாற்றி மாற்றிச் சொல்லி ஒப்பிக்கச் சொன்ன கதைதான். உருவம் ஒத்த சைகைகள் நினைவில் குழம்பும், கைக்கு வேறு வேலை கொடுத்தால் எண்ணிக்கை இன்னும் சரியும் என்று வில்சனும் எம்மோரியும் 1997-இல் காட்டினார்கள். மனப்பாடம் நடப்பதே கையில். ஆகவே சோதனையின்போது சைகை மொழியாளர் கையில் பேனாவோ அட்டையோ இருக்கக் கூடாது.

இதே சோதனையில் இலக்கங்களைப் பின்னிருந்து சொல்லும் பகுதியை மட்டும் விட்டுவிடாதீர்கள். காது கேட்கும் பிள்ளைகளின் எண்ணிக்கை அதில் சட்டென்று இறங்கும். சைகையோடு வளர்ந்த பிள்ளைகளுக்கு முன்னும் பின்னும் ஏறக்குறைய ஒன்றுதான். இரண்டையும் கூட்டி ஒரே மதிப்பெண்ணாகப் போட்டால் இந்த விஷயமே மறைந்துபோகும்.

கோர்சி பலகையில் ஒன்பது கட்டைகள். இரண்டில் தொடங்கி, நொடிக்கு ஒன்றாக நீங்கள் தொட்டுக் காட்ட வேண்டும்; அதே வரிசையில் எதிரில் இருப்பவர் திருப்பித் தொட வேண்டும். சைகையைத் தாய்மொழியாகக் கொண்ட பிள்ளைகள் இதில் காது கேட்பவர்களை முந்துகிறார்கள். எங்கள் ஓட்டு இதற்கே, ஆனால் ஒரு சிக்கல்: சைகை மொழியாளரின் கண் எதிராளியின் முகத்தில் இருக்கும். விளக்கிக்கொண்டே விரலைப் பலகைக்குக் கொண்டுபோனால் முதல் கட்டை தவறிவிடும். விளக்கத்தை முடியுங்கள், கையை இறக்குங்கள், அவர் பார்வை பலகைக்கு வந்ததும் தொடங்குங்கள். கட்டைகளில் எண்கள் எழுதிய பக்கம் உங்களை நோக்கியே இருக்கட்டும். ஆனால் இந்தப் பலகை மொழியைத் தொடுவதே இல்லை; அதனால் எண் வரிசைச் சோதனைக்கு முழு மாற்று என்று நினைக்க வேண்டாம்.

எதை நடத்தினாலும், சைகை எந்த வயதில் வந்தது என்று கேளுங்கள். காது கேளாத பிள்ளைகளில் பத்தில் ஒன்பது பேருக்குமேல் காது கேட்கும் பெற்றோருக்குப் பிறந்தவர்கள். பலருக்கு மொழியே தாமதமாகத்தான் கிடைக்கிறது. வழக்கமான மதிப்பெண் தாளில் இதற்கெனக் கட்டம் இருக்காது, ஓரத்தில் கையால் எழுதிக்கொள்ள வேண்டியதுதான்.