லினக்ஸ் லெப்டொப்போடு கிழக்குக்கு வந்தால் எந்த இணைப்பு?

எந்தக் கம்பனி சிம், டயலொக்கா, மொபிடெல்லா, ஹட்ச்சா என்பதைப் பிறகு பார்ப்போம். லினக்ஸ் லெப்டொப்போடு மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் வருகிறவர் முதலில் முடிவெடுக்க வேண்டியது, சிம்மை எதற்குள் போடுவது என்பதைத்தான்.

ஒரு வழி, சிம்மைப் போட்டு யூஎஸ்பியில் குத்தும் டொங்கிள். அதோடு வரும் மென்பொருள் பெரும்பாலும் விண்டோஸுக்கானது. லினக்ஸுக்கு அது தேவையில்லை. ஆனால் சில டொங்கிள்கள் குத்தியதும் மோடமாக அல்ல, அந்த மென்பொருள் இருக்கும் சீடியாகத்தான் தெரியும். யூஎஸ்பி மோட்ஸ்விட்ச் என்ற லினக்ஸ் கருவி அதை மோடமாக மாற்றிய பிறகே, மோடங்களைக் கவனிக்கும் மோடம்மேனேஜர் கண்டுகொள்ளும். அப்புறம் ஏபிஎன், அதாவது கம்பனியின் இணைய வாசலின் பெயர், கேட்கும். ஹுவாவி ஹைலிங்க் வகையில் இந்தப் பாடு இல்லை. ஈதர்நெட் கார்டு மாதிரி எழும்பும், உலாவியில் 192.168.8.1 என்று அடித்தால் அதன் பக்கம் வரும். யாராவது சும்மா தந்தால் வாங்குங்கள், காசு கொடுத்து வேண்டாம்.

ஏனென்றால் கையில் ஆண்ட்ராய்டு போன் இருக்கிறது. வயரைக் குத்தி, போனின் நெட்டை லெப்டொப்புக்குக் கொடுக்கும் யூஎஸ்பி டெதரிங்கைப் போட்டால் வேலை முடிந்தது. அதற்கான டிரைவர் லினக்ஸின் மையமான கர்னலிலேயே உண்டு. வைஃபை சிப்புக்கு டிரைவர் இல்லாமல் நிற்கும் லெப்டொப்புக்கும் இப்படி நெட் கொடுத்து, அந்த டிரைவரையே இறக்கிக்கொள்ளலாம். மூன்று நான்கு பேராக வந்தால் மட்டும், சிம்மைப் போட்டால் எல்லோருக்கும் வைஃபை தரும் பொக்கெட் ரவுட்டர். செய்மதி இணையமான ஸ்டார்லிங்க் 2025இல் இலங்கைக்கு வந்துவிட்டதுதான், ஆனால் முதுகுப் பையோடு பஸ் ஏறுகிறவருக்கு அது சரிவராது.

சரி, சிம். எயார்டெல் லங்கா 2024இல் டயலொக்கோடு சேர்ந்துவிட்டதால் தெரிவு மூன்றுதான். காத்தான்குடி, கல்முனை, அக்கரைப்பற்று என்று ஊரும் ஊரும் ஒட்டிக் கிடக்கும் கரையோரத்தில் பெக்கேஜ் விலையைப் பார்த்தே எடுக்கலாம். வாகரைக்கோ, பொத்துவில் தாண்டிப் பாணமைக்கோ போகிறவர் விலை பார்க்கக் கூடாது. தங்கப்போகும் வீட்டுக்காரரிடம், "அண்ணன், உங்கட வீட்டுக்குள்ள எந்த சிம்முக்குக் கவரேஜ் இருக்கு?" என்று கேளுங்கள். 'வீட்டுக்குள்ள' முக்கியம். முற்றத்தில் நன்றாக எடுக்கும் சிக்னல் அறைக்குள் போனதும் விழுந்துவிடும். கம்பனிகளின் வரைபடத்தைவிட எனக்கு இந்தப் பதிலில்தான் நம்பிக்கை. அறுகம்பையில் அலைச்சறுக்கு சீசன் நேரத்து விடுதி வைஃபையை உபரியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பின்னேரம் எல்லோரும் கடலால் வந்து அதில்தான் தொங்குவார்கள்.

பெக்கேஜில் பெரிதாகப் போட்டிருக்கும் ஜிபி கணக்கில் இரவு டேட்டாவும் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். உபுண்டு லினக்ஸில் செயலிகளை நிறுவும் ஸ்னாப், கேட்காமலே அவற்றைப் புதுப்பிக்கப் புறப்படும். போன் இணைப்பை நெட்வொர்க் அமைப்பில் மீட்டர்ட் (அளவோடு பாவிக்க வேண்டிய இணைப்பு) என்று குறித்து, அதில் இருக்கும்போது பொறுத்திருக்குமாறு ஸ்னாப்புக்கும் சொல்லிவிட்டு, பெரிய அப்டேட்டுகளை நடுச்சாமத்துக்குப் பிறகு அந்த இரவு டேட்டாவில் இறக்குங்கள்.