ஆஃபிஸ் மென்பொருளும் டிரைவர்களும்: ஒரு சிறிய அலுவலகத்தின் ஆறாண்டு அனுபவம்

சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையிலிருந்து சற்றே உள்ளடங்கிய ஒரு கடைவீட்டின் மேல்மாடியில் எங்கள் அலுவலகம் இருக்கிறது. சிறு வணிகர்களுக்குக் கணக்கெழுதிக் கொடுப்பதும் தமிழ், ஆங்கில மொழிபெயர்ப்பும் எங்கள் தொழில். ஆட்கள் நால்வர், கணினிகள் ஐந்து. இவற்றோடு நகலெடுக்கவும் அச்சிடவும் ஒரு பல்பணி லேசர் அச்சுப்பொறியும், ரசீதுகளை வருடுவதற்கு ஒரு பழைய ஸ்கேனரும் உண்டு. மாதம் ஒருமுறை வந்து பார்த்துக்கொண்டிருந்த தொழில்நுட்பர் 2019இன் நடுவில் ஊருக்கே திரும்பிவிட்டதால், கணினியைப் பற்றி மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்தவன் என்ற ஒரே காரணத்துக்காக அந்தப் பொறுப்பு என் தலையில் விழுந்தது. நான் பொறியாளன் அல்லன். ஆகவே இங்கே எழுதுவது, அன்றிலிருந்து 2025 முடியும்வரை மைக்ரோசாஃப்டின் ஆஃபிஸ் மென்பொருளை நிறுவியதிலும், அச்சுப்பொறி போன்ற கருவிகளைக் கணினியோடு பேச வைக்கும் நிரல்களாகிய டிரைவர்களோடு மல்லுக்கட்டியதிலும் ஒரு கணக்கெழுத்தன் கண்டறிந்தவை மட்டுமே.

முதல் பாடம் முதல் வாரத்திலேயே கிடைத்தது. மூன்று கணினிகளுக்கு ஆஃபிஸ் 2019 வாங்கியிருந்தோம். இரண்டில் அரைமணி நேரத்தில் வேலை முடிந்தது. மூன்றாவதில், 32 பிட் ஆஃபிஸ் கூறுகள் இருப்பதால் 64 பிட் ஆஃபிஸை நிறுவ இயலாது என்ற அறிவிப்போடு நிறுவும் நிரல் நின்றுவிட்டது. (32 பிட், 64 பிட் என்பவை ஒரே மென்பொருளின் இரு வகைகள்; பிந்தையது கூடுதல் நினைவகத்தைப் பயன்படுத்த வல்லது.) பழைய ஆஃபிஸை முன்னதாகவே நீக்கிவிட்டிருந்தேன். நிரல்களின் பட்டியலை மேலிருந்து கீழாக இருமுறை படித்த பிறகுதான், 'ஆக்சஸ் டேட்டாபேஸ் என்ஜின் 2010' என்ற பெயரில் ஒன்று அடக்கமாக உட்கார்ந்திருப்பது கண்ணில் பட்டது. அதை நீக்கியதும் ஆஃபிஸ் எந்த முணுமுணுப்புமின்றி நிறுவப்பட்டது. வேலையை முடித்த மகிழ்ச்சியோடு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்குக் கணக்குப் பிரிவில் இருக்கும் அக்கா தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, நேத்து சாயங்காலம் வரைக்கும் நல்லாத்தானே ஓடுச்சு? ராத்திரி என்னத்தைப் பண்ணி வச்சீங்க?" கணக்கு மென்பொருள் திறக்க மறுத்தது. நான் தேவையற்றது என்று நினைத்து நீக்கிய அந்த என்ஜினைத் தன் தரவுத்தளத்தைப் படிப்பதற்காக நிறுவி வைத்திருந்ததே அந்தக் கணக்கு மென்பொருள்தான்.

இதன் காரணம் எளிது. 64 பிட் விண்டோஸில் 32 பிட் நிரல்கள் ஓடும். ஆனால் ஒரு 32 பிட் நிரல், தான் ஓடிக்கொண்டிருக்கும்போது 64 பிட் நூலகக் கோப்பு ஒன்றைத் தனக்குள் ஏற்றிக்கொள்ள முடியாது. எங்கள் கணக்கு மென்பொருள் 32 பிட். ஆகவே அதற்கு வேண்டிய என்ஜினும் 32 பிட். ஆஃபிஸின் இரண்டு பிட் வகைகளையும் ஒரே கணினியில் அருகருகே வைக்க அதன் நிறுவி அனுமதிப்பதில்லை. அந்த என்ஜினையும் ஆஃபிஸின் ஒரு பகுதியாகவே அது கருதுகிறது. ஆஃபிஸ் 2019 காலத்திலிருந்து, நாமாகக் கேட்காவிட்டால் நிறுவப்படுவது 64 பிட் வகைதான். முந்தைய பதிப்புகளில் 32 பிட்டே வழக்கமாக இருந்ததால் இந்த மோதல் எங்களுக்கு அதற்கு முன் தெரிந்ததில்லை.

கணக்கு மென்பொருள் ஓடும் இரண்டு கணினிகளில் 32 பிட் ஆஃபிஸும் மற்றவற்றில் 64 பிட்டும் என்று அன்று முடிவெடுத்தேன். 32 பிட் எக்செல் பயன்படுத்தக்கூடிய நினைவகத்துக்கு ஒரு வரம்பு உண்டு என்பது உண்மையே; முதலில் 2 ஜிபியாக இருந்த அந்த வரம்பு, 64 பிட் விண்டோஸில் பிற்பாடு 4 ஜிபியாக உயர்த்தப்பட்டது. எங்கள் கணக்கேடுகள் அதன் அருகில்கூட ஒருநாளும் போனதில்லை. முடிவு சரியா என்பதை அறியச் சில ஆண்டுகள் ஆயின. பொருள் சேவை வரி 2023 ஜனவரி முதல் நாள் 7 விழுக்காட்டிலிருந்து 8 ஆகவும், அடுத்த ஆண்டு அதே நாளில் 9 ஆகவும் உயர்ந்தபோது, இரண்டு முறையும் கணக்கு மென்பொருளுக்குப் புதுப்பிப்பு வந்தது. இரண்டு முறையும் அதன் நிறுவி அதே 32 பிட் என்ஜினை மீண்டும் பதிக்க முயன்றது. 32 பிட் ஆஃபிஸ் உள்ள கணினிகளில் அது நம் கண்ணுக்கே தெரியாமல் நடந்து முடிந்தது. தணிக்கை வேலைக்காக 64 பிட் ஆஃபிஸ் உள்ள கணினி ஒன்றிலும் அதை நிறுவிப் பார்க்கலாமே என்று 2023இல் ஆசைப்பட்டேன்; ஒரு சனிக்கிழமை முழுதும் போயிற்று, மென்பொருள் வரவில்லை.

நிறுவும் முறையைப் பொறுத்தவரை, இணையத்தளத்திலிருந்து நேரே பொத்தானை அழுத்தி நிறுவுவதை 2020க்குப் பிறகு விட்டுவிட்டேன். மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் ஆஃபிஸ் டிப்ளாய்மெண்ட் டூல் என்னும் சிறு கருவியும், அதனோடு நாம் எழுதிக் கொடுக்கும் ஓர் எக்ஸ்எம்எல் கோப்பும் போதும். எத்தனை பிட், எந்தப் பதிப்பு, எந்தெந்த மொழிகள், எந்தச் செயலிகள் வேண்டாம் என்பதையெல்லாம் அந்தக் கோப்பிலேயே சொல்லிவிடலாம். பழைய நிறுவி முறையில் பதிக்கப்பட்ட ஆஃபிஸ் இருந்தால் அதை முதலில் அகற்றிவிடு என்று கட்டளையிட அதில் ஒரு வரி உண்டு. என் அனுபவத்தில் அந்த ஒரு வரிக்காகவே இந்தக் கருவியைப் பழகிக்கொள்ளலாம். கோப்புகளை ஒருமுறை தரவிறக்கி யுஎஸ்பியில் வைத்துக்கொண்டால், ஐந்து கணினிகளுக்கும் ஐந்து முறை பல ஜிபி இறக்க வேண்டியதில்லை. எக்ஸ்எம்எல் கோப்பை வேர்டில் எழுதக் கூடாது, நோட்பேடில்தான் எழுத வேண்டும்: வேர்ட் மேற்கோள்குறிகளை அழகுக்காக வளைத்துவிடும், வளைந்த மேற்கோள்குறியைக் கருவி ஏற்காது. இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மாலை ஆயிற்று.

நிறுவல் நடுவில் தோற்றால் திரையில் வரும் பிழை எண்ணை வைத்துக்கொண்டு தேடுவதைவிட, தற்காலிகக் கோப்புறையில் கணினியின் பெயரும் தேதியும் நேரமும் சேர்ந்த பெயரில் உருவாகும் பதிவுக் கோப்பைத் திறந்து கடைசிப் பகுதியைப் படிப்பது மேல். எல்லாம் புரியாது, ஆனால் எந்தக் கூறில் வந்து நின்றது என்பது புரிந்துவிடும். பாதுகாப்பு மென்பொருளை நிறுத்திவைப்பது, இணையத் தொடர்பைச் சரிபார்ப்பது போன்ற வழக்கமான அறிவுரைகள் எங்களுக்குப் பயன்பட்டது ஒரே ஒரு முறைதான்.

தமிழில் வேலை செய்பவர்களுக்கு மட்டும் வரும் சிக்கல் ஒன்றைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். எங்கள் மொழிபெயர்ப்பு ஆவணங்கள் நெடுங்காலமாக லதா எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டவை. விண்டோஸ் 2000 முதல் இயங்குதளத்துடனேயே வந்துகொண்டிருந்த எழுத்துரு அது. புதிய கணினி ஒன்றில் விண்டோஸ் 10ஐயும் ஆஃபிஸையும் நிறுவிய மறுவாரம், பன்னிரண்டு பக்க உறுதிமொழி ஆவணம் ஒன்று அதில் பதினொரு பக்கமாகச் சுருங்கி, கையொப்பமிடும் இடம் முந்தைய பக்கத்துக்கு ஏறிவிட்டது. ஆஃபிஸ் சரியாக நிறுவப்படவில்லை என்று நினைத்து அதை நீக்கி மறுபடியும் நிறுவினேன். ஒரு பயனும் இல்லை. ஆஃபிஸின்மீது எந்தத் தவறும் இல்லை. விண்டோஸ் 10இல் லதாவும் விஜயா என்னும் மற்றொரு தமிழ் எழுத்துருவும் விருப்பக் கூறுகளின் பட்டியலுக்கு மாற்றப்பட்டுவிட்டன; இல்லாத எழுத்துருவுக்குப் பதிலாக வேர்ட் வேறொன்றை இட்டு நிரப்பியிருக்கிறது. அமைப்புகளில் விருப்பக் கூறுகள் பகுதிக்குச் சென்று தமிழுக்கான துணை எழுத்துருக்களைச் சேர்த்ததும் பன்னிரண்டாம் பக்கம் திரும்பி வந்தது.

இதில் என்னை நெடுநேரம் குழப்பியது, என் சொந்தக் கணினியில் இந்தச் சிக்கல் வராததுதான். நான் தமிழ்த் தட்டச்சுக்காகத் தமிழை மொழிப் பட்டியலில் சேர்த்திருந்தேன். அப்படிச் சேர்க்கும்போது இந்த எழுத்துருக்கள் தாமாகவே வந்துவிடுகின்றன. தமிழில் தட்டச்சு செய்யாத, ஆனால் தமிழ் ஆவணத்தைத் திறந்து அச்சிடுகிற கணினியில்தான் அவை இருக்காது. இப்போது வெளியே அனுப்பும் வேர்ட் கோப்புகளில் எழுத்துருவைக் கோப்புக்குள்ளேயே பொதித்து வைக்கும் அமைப்பை இயக்கி வைத்திருக்கிறோம். வேர்டின் தமிழ்ப் பிழைதிருத்திக்கு வேண்டிய மொழித்தொகுப்பையும் எக்ஸ்எம்எல் கோப்பிலேயே சேர்த்துவிடுகிறேன். தனியாக இறக்கினால் பிட் வகையைப் பார்த்து இறக்க வேண்டும். அங்கும் 32, 64 தகராறு உண்டு.

இனி அச்சுப்பொறி. 2014இல் வாங்கியது, நிறுவனத்தின் பெயர் இங்கே தேவையில்லை. அது வரவேற்பறைக் கணினியோடு இணைக்கப்பட்டு, அங்கிருந்து மற்ற நான்குக்கும் பகிரப்பட்டிருந்தது. 2021 ஆகஸ்டில் ஒரு காலை, யார் அச்சிட முயன்றாலும் நிர்வாகியின் கடவுச்சொல்லைக் கேட்கத் தொடங்கியது. அச்சுப்பொறியைப் பலமுறை அணைத்து இயக்கினோம். உண்மையில் அதற்கு ஒன்றும் நேரவில்லை. பிரிண்ட்நைட்மேர் என்று அழைக்கப்பட்ட பாதுகாப்பு ஓட்டை அந்த ஆண்டு ஜூலையில் வெளிச்சத்துக்கு வந்ததைத் தொடர்ந்து, பகிரப்பட்ட அச்சுப்பொறியிலிருந்து டிரைவரை நிறுவவோ புதுப்பிக்கவோ நிர்வாகி உரிமை வேண்டும் என்று ஆகஸ்ட் 10ஆம் தேதி வெளியான புதுப்பிப்பு விதித்துவிட்டது. அந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்தும் ரெஜிஸ்ட்ரி (விண்டோஸின் உள் அமைப்புகளின் தொகுப்பு) மாற்றம் ஒன்றைப் பலர் பரிந்துரைத்தார்கள். பூட்டு கடினமாக இருக்கிறதென்று கதவையே கழற்றி வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. பகிர்வை நீக்கிவிட்டு, அச்சுப்பொறியை நேரடியாக அலுவலக வலையமைப்பில் இணைத்து, ஒவ்வொரு கணினியிலும் நிர்வாகியாக நுழைந்து தனித்தனியே டிரைவரை நிறுவினேன்.

அதற்குப் பிறகு வேறொரு தொல்லை முளைத்தது. வாரத்துக்கு இருமுறை அச்சுப்பொறி தொடர்பில் இல்லை என்று ஏதாவதொரு கணினி சொல்லும். எதிரே அச்சுப்பொறி பச்சை விளக்கோடு சும்மா நிற்கும். விண்டோஸ் தானாகக் கண்டுபிடித்துச் சேர்த்தபோது கணினி அச்சுப்பொறியை அடையும் தடமாக டபிள்யூஎஸ்டி என்னும் வகையைத் தேர்ந்தெடுத்திருந்தது. ரூட்டரில் அச்சுப்பொறிக்கு ஒரு நிலையான ஐபி முகவரியை ஒதுக்கி, அந்த முகவரிக்கு டிசிபி/ஐபி தடம் ஒன்றை நானே உருவாக்கி, தடத்தின் அமைப்பில் எஸ்என்எம்பி நிலை அறிதலை அணைத்த பின், நான்கு ஆண்டுகளாக அந்த அறிவிப்பை நாங்கள் பார்க்கவில்லை. ஆறாண்டுகளில் செய்தவற்றுள் மிகக் குறைந்த உழைப்பில் மிக அதிகப் பலன் தந்தது இதுவே.

தமிழ் பிடிஎஃப் கோப்புகளை அச்சிடும்போது கொம்பும் காலும் எழுத்தைவிட்டு விலகி நின்றதும், சில வேளைகளில் வெறும் கட்டங்களாக வந்ததும் டிரைவரின் வகையால் நேர்ந்தவை. எங்கள் அச்சுப்பொறிக்குப் பிசிஎல்6, போஸ்ட்ஸ்கிரிப்ட் என இரண்டு டிரைவர்கள் உண்டு. பிந்தையதற்கு மாறியதும் பெரும்பாலும் சரியாயிற்று. எஞ்சிய சிலவற்றுக்குப் படமாக அச்சிடும் தேர்வைப் பயன்படுத்துகிறோம். அது மெதுவாக வரும், ஆனால் 'கொ' என்பது 'கொ' என்றே வரும்.

2025இல் எல்லாம் ஒரே தேதியில் வந்து கூடின. விண்டோஸ் 10க்கும், ஆஃபிஸ் 2016, 2019 ஆகியவற்றுக்கும் ஆதரவு அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. எங்கள் ஐந்தில் இரண்டு கணினிகள் ஏழாம் தலைமுறை இன்டெல் செயலி கொண்டவை. விண்டோஸ் 11 கேட்பது பொதுவாக எட்டாம் தலைமுறையும் அதற்குப் பிந்தையதும். அவற்றை வளைத்து நிறுவும் வழிகள் உண்டென்றாலும், பிறருடைய கணக்கை வைத்திருக்கும் கணினியில் அதைச் செய்ய நான் துணியவில்லை. மற்ற மூன்றையும் ஆகஸ்டிலேயே மாற்றினேன்.

அவற்றில் ஒன்றில், நினைவக ஒருமைப்பாடு என்ற பாதுகாப்பு அம்சத்தை இயக்க முடியவில்லை. பொருந்தாத டிரைவர் ஒன்று இருப்பதாகச் சொல்லி, ஓஇஎம் என்று தொடங்கும் ஒரு கோப்பின் பெயரைக் காட்டியது. எந்தக் கருவியுடையது என்று தேடிப்போனால், நாங்கள் 2017இல் கைவிட்ட வேறொரு கணக்கு மென்பொருளின் யுஎஸ்பி பூட்டுக்கானது; உரிமம் உண்டென்று காட்டக் கணினியில் செருகி வைக்கும் சிறு கருவி அது. மென்பொருள் போய் எட்டாண்டுகள் ஆயின. பூட்டு எங்கே கிடக்கிறதென்றே தெரியவில்லை. டிரைவர் மட்டும் குடியிருந்திருக்கிறது. டிரைவர்களைச் சேர்க்கவும் நீக்கவும் விண்டோஸில் உள்ள பிஎன்பியுடில் கட்டளையால் அதை நீக்கிக் கணினியை மறுதொடக்கம் செய்ததும் சரியாயிற்று. 2019இல் ஆஃபிஸைத் தடுத்த என்ஜின், 2025இல் இந்த டிரைவர் என்று, எங்களை மிக அதிகமாக அலைக்கழித்தவை புதிதாக நிறுவ முயன்றவை அல்ல; முன்பு எப்போதோ நிறுவி நாங்கள் மறந்துபோனவை. அதனால் இப்போது எதை நிறுவினாலும் ஒரு பழைய ரசீதுப் புத்தகத்தின் பின்புறத்தில் தேதி, பதிப்பு, பிட், எந்த மென்பொருளுக்காக என்று கையால் எழுதி வைக்கிறேன். அக்கா இதைப் பார்த்துச் சிரிப்பார். எனினும் கணக்கு மென்பொருள் புதுப்பிப்பு வரும்போது அந்தப் புத்தகத்தை எடுத்துக் கொடுப்பதும் அவர்தான்.

விண்டோஸ் 11இல் எங்கள் அச்சுப்பொறி, உற்பத்தியாளரின் டிரைவர் இல்லாமல் விண்டோஸின் பொதுவான ஐபிபி டிரைவரிலேயே அச்சிடுகிறது. தாளின் இருபுறமும் அச்சிட வருகிறது, தாள்தட்டைத் தேர்ந்தெடுப்பது மட்டும் வருவதில்லை. பிற நிறுவனங்களின் அச்சு டிரைவர்களை விண்டோஸ் அப்டேட் வழியாக வழங்குவதை 2027 வரை படிப்படியாகக் குறைப்பதாக மைக்ரோசாஃப்ட் 2023 செப்டம்பரில் அறிவித்திருப்பதால், புதிய அச்சுப்பொறி வாங்கும்போது இந்தப் பொதுவான டிரைவரில் எல்லா வசதிகளும் வருகின்றனவா என்பதையே முதலில் பார்க்கப்போகிறேன்.

ஸ்கேனருக்குத்தான் வழி கிடைக்கவில்லை. அதன் உற்பத்தியாளர் விண்டோஸ் 11க்கு டிரைவர் வெளியிடவில்லை. பழைய டிரைவரோ 32 பிட் ட்வெயின் (ஸ்கேனரை நிரல்களோடு இணைக்கும் ஒரு பொது முறை) வகை, 64 பிட் நிரல்களின் பட்டியலில் தலைகாட்டாது. ஆகவே ஏழாம் தலைமுறைக் கணினிகளில் ஒன்றை மின்கழிவுத் தொட்டிக்கு அனுப்பிவிட்டு, மற்றதை இணையத்திலிருந்து துண்டித்து ஸ்கேனருக்கென்றே ஒரு மூலையில் வைத்திருக்கிறோம். வருடிய கோப்புகள் யுஎஸ்பியில் ஏறி இந்தப் பக்கம் வருகின்றன. ஸ்கேனரின் தாள் இழுக்கும் ரப்பர் உருளை தேயத் தொடங்கியிருக்கிறது. சிம் லிம் சதுக்கத்தில் இரண்டு கடைகளில் விசாரித்தேன். அந்த உருளை இப்போது வருவதில்லை என்றார்கள்.